இஸ்திரி போட்ட கீரை

ஓசூர் மழைக்கு அவசரம் தெரியாது. ஆடி மாதத்தில் அது பெய்வதுகூட இல்லை, காற்றில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு நசநசத்த காலையில்தான் அந்தப் பாட்டிலைக் கழுவினேன்.

எண்பதுகளின் கடைசி. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆறு மாதம் தற்காலிகம், அதில் ஐந்து முடிந்திருந்தது. என் ஊர் சாமல்பட்டியில் அப்பா அதற்குள் ஊர் முழுக்கப் ‘பர்மனென்ட்’ என்று சொல்லி வைத்திருந்தார். புது மெஷினை நிறுவ அமெரிக்காவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து தங்கியிருந்தார். சாம்பார் அவருக்கு இரண்டே நாளில் வயிற்றைக் கலக்கிவிட்டது. “அந்த ஆள் பட்டினி கிடந்து பாதியில கிளம்பினாருன்னா, நீயும் அதே பஸ்ல ஏறிடு” என்று மேனேஜர் சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

மறுநாள் மேனேஜர் பார்வையிட வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்தேன். மூலையில் நான் அதுவரை கவனித்திராத ஒரு கண்ணாடி பாட்டில். அதில் கால்வாசிக்கு வெள்ளைப் பொடி, பால்பவுடர் போல. திறந்தால் புளித்த வாடை. பொடி முழுக்கப் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். பூசணம்! நல்ல வேளை மேனேஜர் கண்ணில் படவில்லை என்று நினைத்து, பின்பக்கக் குப்பைக் குழியில் கொட்டி, சோப்பும் வெந்நீரும் போட்டுப் பாட்டிலைப் பளபளக்க வைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

சமையல் அக்கா மார்க்கெட்டிலிருந்து வந்தார். பாகலூர்ப் பக்கம், வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். கவிழ்த்து வைத்திருந்த பாட்டிலைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே விட்டார்.

“இதுல இருந்த பொடி எங்க சார்?”

“பூசணம் பூத்திருந்துச்சுக்கா. கொட்டிட்டேன்.”

“அய்யோ தேவ்ரே! பூசணமா? அது அவரு பொண்டாட்டி வூட்ல அரைச்சுக் குடுத்தனுப்புன பொடி சார்! தயிர்ல கலந்து, வெள்ளரிக்காயும் கேரட்டும் தொட்டுத் தொட்டு, பத்து நாளா அதுலதான் அந்த மனுசன் உசுர வெச்சிக்கினு இருக்காரு. இன்னா வேல பண்ணிட்டீங்க!”

குழிக்கு ஓடினேன். தேங்கிய மழைநீர் எல்லாவற்றையும் கஞ்சியாக்கி முடித்திருந்தது. இன்ஜினியர் திரும்பி வர ஆறு மணி. இன்னும் மூன்று வாரம் அவர் இங்கே சாப்பிட்டாக வேண்டும்.

“அழுவறத அப்பால வெச்சுக்கோ தம்பி. மூடி எங்க?” என்றார் அக்கா. பதற்றத்தில் சார் தம்பியாகிவிட்டது.

மூடியைக் கழுவ மறந்திருந்தேன். அந்தக் காலையில் நான் செய்த ஒரே நல்ல காரியம். அக்கா அதை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். “பூண்டு. வெங்காயம். மொளகு இருக்குது, கொஞ்சமா. புளிப்பு… அது மோர் மாதிரி.” மறுபடி முகர்ந்தார். பிறகு சிரித்தார். “இந்தப் பச்சை இன்னா தெரியுமா? சப்பசிகெ சொப்பு! எங்கூட்ல அக்கி ரொட்டியில போடறது. ஒங்க ஆளுங்க சதகுப்பைன்னு நாட்டு மருந்துக் கடையில வாங்குவீங்களே, அதோட கீரை.”

அமெரிக்காவிலிருந்து வந்த பச்சை, வாசலில் தள்ளுவண்டியில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. ஓடிப்போய் நான்கு கட்டு வாங்கிவந்தேன். ஆனால் எப்படிக் காயவைப்பது? வெயில் எங்கேயோ பெங்களூர் தாண்டிப் போயிருந்தது. தோசைக்கல்லில் போட்டோம். கருகியது. விருந்தினர் சட்டைகளுக்கு இருந்த இஸ்திரிப் பெட்டியை நான்தான் எடுத்தேன். செய்தித்தாளுக்குள் கீரையை வைத்துத் தேய்த்தபோது கீரையில் அச்சு மை ஏறிவிட்டது.

“அவரு நியூஸ் படிச்சிக்கினே சாப்பிடட்டும்” என்றார் அக்கா.

அதைக் கொட்டிவிட்டு, வெளுத்த பருத்தித் துண்டு இரண்டுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினேன். அழுத்தாமல், நகர்த்தி, தூக்கி, ஆவி போகவிட்டு, மறுபடி. துண்டைத் திறந்தால் கீரை பச்சை மாறாமல், தொட்டால் நொறுங்கியது. அறை முழுக்க ஒரு குளிர்ந்த, இனிப்பான வாசனை.

அக்கா சீவிய பூண்டையும் வெங்காயத்தையும் இளந்தீயில் மொறுமொறுவென்று உலர்த்தினார். புளிப்புக்கு மாங்காய் வற்றல் இரண்டு துண்டு. எங்கள் கிருஷ்ணகிரிக்காரர்களின் அடுக்களையில் அது இல்லாமல் போகுமா? எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துச் சலித்து, பால்பவுடர், உப்பு, மிளகு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்த்தோம். கடைசியில் கீரையைக் கையாலேயே நொறுக்கித் தூவினார். பாட்டில் கழுத்து வரை நிறைந்தது.

“வாயத் தொறக்காத. அதேதான்னு நெனச்சுப்பாரு” என்றார்.

ஆறு மணிக்கு இன்ஜினியர் மேசையில் உட்கார்ந்தார். நெடிய மனிதர், சட்டைக் கையில் கிரீஸ். பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கால் பாட்டில் எப்படி முழுப் பாட்டிலாகும்? அதை நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பூசணம், குப்பைக் குழி, மூடி, இஸ்திரி. உங்கள் மனைவி செய்ததைக் கொட்டிவிட்டேன் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

அவர் பொடியைத் தயிரில் போட்டுக் கலக்கி, வெள்ளரித் துண்டைத் தோய்த்துக் கடித்தார். மென்றார். அந்த மெல்லலுக்கு முடிவே இல்லை.

பூண்டு கொஞ்சம் தூக்கல் என்றார். பிறகு சொன்னார்: மனைவி கொடுத்தது ஒரு மாதத்துக்கு என்று கணக்கு. இங்கே பாதி நாளிலேயே தீர்ந்துவிடும் போலிருந்தது. ஐந்து நாளாக அரை ஸ்பூன், கால் ஸ்பூன் என்று குறைத்துக்கொண்டே வந்தாராம். தீர்ந்தால் என்ன செய்வது என்கிற கவலையில் சாப்பிடும்போதே பசித்ததாம். சொல்லிக்கொண்டே பாட்டிலுக்குள் ஸ்பூனை விட்டு, குவித்து, ஒன்று, இரண்டு, மூன்று போட்டுக்கொண்டார். இனி இதைத் தினமும் செய்ய முடியுமா என்று கேட்டார்.

“இன்னா சொல்றாரு?” கதவோரத்தில் அக்கா.

“தினமும் செய்வீங்களான்னு கேக்கறாருக்கா.”

“அப்ப நாளைக்கு வேற துண்டு வாங்கியா. அது ரெண்டும் பச்சையா பூடுச்சு.”

பின்வாசலுக்குப் போய் நின்றேன். மழை இன்னும் காற்றில் அப்படியே நின்றுகொண்டிருந்தது, முகத்தில் பட்டது, நன்றாக இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது. உள்ளே போய்த் தட்டெடுத்து உட்கார்ந்தேன்.