நிக்டியில் ராகு காலம் எப்போது?

பஸ் நின்ற பிறகும் நாங்கள் யாரும் இறங்கவில்லை. புனே பக்கம் நிக்டியில் பாதி எழும்பியிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன், மே மாத வெயிலில், முப்பது தமிழர்கள் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம். வீடுகளை விற்கும் ஜோஷி ஜன்னலருகே வந்து, "பஸ் கராப் ஹோ கயீ க்யா?" என்றார். பஸ் பழுதாகவில்லை, ஞாயிறு மாலை நாலே முக்கால், ஆறு மணி வரை ராகு காலம். இதை ஹிந்தியில் விளக்கத் தெரியாமல், டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று பொருள்பட எதையோ உளறினேன். பாவம், மனிதர் முப்பது டீ வாங்கி அனுப்பிவிட்டார்.

கோவையில் என் அப்பா மனை வாங்கியபோது தனியாகப் போனார், கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார், முடிவு செய்துவிட்டார். இங்கே மொழி தெரியாத ஊரில் தனியாகப் போய் வீடு கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அதனால் மாதம் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து, கணினி வேலைக்கு வந்த தமிழர்களை ஆகுர்டி, நிக்டி என்று வீடு பார்க்க அழைத்துப் போகும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெண் பார்க்கப் போவதுபோல் கூட்டமாகப் போவோம். எட்டுப் பயணங்களில் பல பேர் வீடு வாங்கிவிட்டார்கள். நான் மட்டும் போபோடியில் வாடகை வீட்டில் இருந்தேன். "ரெண்டே வருஷம், அப்புறம் கோயமுத்தூர்" என்று மனைவி சுமதியிடம் சொல்லி ஆறு வருடம் ஓடிவிட்டது. இந்த ஒன்பதாவது பயணத்துக்கு அவளும் வந்தாள். இரண்டாம் மாடியில் மிச்சமிருந்த ஒரே வீட்டை வரைபடத்தில் பார்த்து, மனதளவில் குடியேறியே விட்டிருந்தாள்.

ஆறு அடித்ததும் இறங்கி ஓடினோம். அந்த வீட்டில் ஒரு மராத்திக் குடும்பம் கட்டில் போட இடம் அளந்துகொண்டிருந்தது. முதலில் முன்பணம் தருபவருக்கே வீடு என்றார் ஜோஷி. சுமதியின் முகம் வாடிவிட்டது. எனக்கு என் மீதே கோபம் வந்தது. தாமதத்தின் காரணத்தை நண்பர் ஒருவர் போட்டு உடைக்க, ஜோஷி வியப்புடன் கீழே தன் அலுவலக மேசையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். "யஹா தோ சாத் பஜே தக் ஹை!" இங்கே ஏழு மணி வரை உண்டாம். ராகு காலத்தைச் சூரியனை வைத்துக் கணக்கிட வேண்டுமாம். மே மாதம் புனேயில் சூரியன் மறையவே ஏழு ஆகும். ராகு காலம் ஐந்தரைக்குத்தான் தொடங்கியிருக்கிறது. எங்களுடையதோ கோவையிலிருந்து வந்த தினசரிக் காலண்டர்; எல்லா மாதமும் அதில் நாலரை முதல் ஆறு. நல்ல நேரத்தில் டீ குடித்துவிட்டு, சரியாக ராகுவுக்குள் இறங்கியிருக்கிறோம்!

மராத்திக் குடும்பம் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, நம்ம காலண்டர்ல ஆறோட முடிஞ்சு போச்சுங்க. செக்கை எடுங்க" என்றாள் சுமதி.

"ஊருக்குப் போறதுன்னு..." என்று இழுத்தேன்.

"போறப்ப போலாமுங்க. அது வரைக்கும் எங்க இருக்கறது?"

கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அந்த வீட்டில் ஒரே ஆணியில் கோவைக் காலண்டரும் ஜோஷி கொடுத்த மராத்திக் காலண்டரும் தொங்குகின்றன. இரண்டையும் மதித்தால், கோடைக்கால ஞாயிறுகளில் நாலரை முதல் ஏழு வரை எங்களுக்கு ராகு காலம்தான். கோவைக்குத் திரும்பும் பேச்சை நான் எடுப்பதும் ஏனோ அந்த நேரத்தில்தான். சுமதி டீயை நீட்டிக்கொண்டே, "ராகு காலமுங்க, இப்பப் பேச வேண்டாம்" என்பாள். எந்தக் காலண்டர்படி என்று நான் கேட்பதில்லை.