பல்செட் அக்காவின் இனிப்பு வெங்காயம்

ஐம்பத்தாறு வயதுவரை ஊர் வாயில் விழாமல் காலம் தள்ளியவள் அவள். ஆனால் ஊரில் பாதிப் பேர் வாயில் அவள் செய்த பல்தான் இருந்தது. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே முப்பது வருடமாகப் பல்செட் செய்கிறாள். டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். இவள் மெழுகை உருக்கி, பல் வரிசை கட்டி, ஈறுக்கு நிறம் தீட்டித் திருப்பி அனுப்புவாள். கிளினிக் ஆட்கள், பேப்பர் போடுகிறவர், பக்கத்து வீட்டு லாரி டிரைவர் என்று எல்லோருக்கும் அவள் பல்செட் அக்கா. அக்கா என்று கூப்பிட நிஜமான உரிமை உள்ள ஒரே ஒருத்தி, கூடப் பிறந்த தங்கை, ஆறு வருடமாகக் கூப்பிடவில்லை.

சண்டை வந்ததும் பல்லால்தான். அம்மா தங்கை வீட்டில் இருந்தாள், அங்கேயே இறந்தாள். இவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்வதற்குள் எடுப்பதற்கு எல்லாம் தயாராகியிருந்தது. அம்மாவின் கன்னம் ஒட்டி, வாய் உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. இவள் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த செட் வாயில் இல்லை. கூடியிருந்த அத்தனை சனத்துக்கு நடுவில், "வாயில பல்லுகூட வைக்காம அனுப்புறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்று கேட்டுவிட்டாள். தங்கை வாயைத் திறக்கவில்லை. அதோடு போக்குவரத்து நின்றுபோனது. அம்மா விட்டுப்போனதில் பேச்சே இல்லாமல் பங்கு பிரிந்தது ஒன்றுதான்: மருந்து பாட்டிலில் இருந்த வெங்காய விதை. ஆளுக்குப் பாதி.

அந்த வெங்காயம் கடையில் கிடைக்காது. தட்டையாக, வெளிர் மஞ்சள் தோலோடு, உள்ளங்கையை நிறைக்கும். பச்சையாகக் கடித்தால் இனிக்கும். நறுக்கினால் கண் கரிக்காது. ஆனால் ரொம்பச் செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை போல எதையும் தாங்காது. பறித்து இரண்டு மாதத்தில் அழுகத் தொடங்கும். விதையும் இரண்டு வருடத்துக்கு மேல் முளைக்காது. அதனால் ஓய்வே கிடையாது. விதை போட்டு, மயிரிழை போன்ற நாற்றைப் பிடுங்கி நட்டு, விளைந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்துவைத்து, அதைத் திரும்பப் புதைத்து, பூக்கவிட்டு, மறுபடி விதை எடுக்க வேண்டும். அக்கா அதை விடாமல் செய்தாள். வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேச்சுத் துணைக்கு ரேடியோகூட இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், பக்கத்தில் நறுக்கிய வெங்காயம் ஒன்று. இதுதான் ராத்திரிச் சாப்பாடு.

போன முறை இருந்த விதையை மிச்சம் வைக்காமல் போட்டுவிட்டாள். விளைந்ததில் முதல்தரமானவை பதினாலைப் பரணில் பரப்பியிருந்தாள். மழையில் கூரை ஒழுகியது. வேலை நெருக்கடியில் பரண் பக்கமே போகாமல் இருந்தவளுக்கு ஐந்தாம் நாள் நாற்றம்தான் விஷயத்தைச் சொன்னது. பதின்மூன்று கூழாகிவிட்டன. தப்பித்தது ஒன்று.

அந்த ஒன்றை நட்டாள். தண்டு விட்டு, நுனியில் வெள்ளைப் பூப்பந்தும் வந்தது. ஆனால் ஒற்றைச் செடி தனக்குத்தானே விதை பிடித்தால் ஏதோ பேருக்குப் பிடிக்கும். அதில் முளைப்பது நோஞ்சானாகப் போகும். துணைக்கு அதே சாதியில் இன்னொரு பூ வேண்டும். டிரைவர் வீட்டுத் தோட்டத்திலும் வெங்காயம் பூத்திருந்தது, ஆனால் அது சாதாரணக் கார வெங்காயம். தேனீ அதிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து அப்பினால் இனிப்பு போயே போச்சு. எனவே கொசுவலையால் மூடினாள். வலைக்குள் அந்தத் தண்டு தன்னந்தனியாக நிற்பதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. தன்னையே பார்ப்பது போல இருந்திருக்கலாம். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பூ பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். அதற்குள் ஆகாவிட்டால் இந்த வெங்காயத்தோடு அவளுக்கிருந்த சம்பந்தம் முடிந்தது. உலகத்திலேயே இன்னொரு இடத்தில்தான் அது இருக்கக்கூடும். மூத்தவள் நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று மூன்று நாள் மல்லுக்கட்டினாள். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பஸ் மாறிப் போனாள்.

கதவைத் திறந்த தங்கை வா என்று சொல்லவில்லை, ஒதுங்கி வழிவிட்டாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்தது அத்தனையும் மறந்துபோய், நலம் விசாரிக்கக்கூடத் தோன்றாமல், "வெங்காயம் பூத்திருக்கா?" என்றுதான் கேட்டாள்.

"மாடியில."

மொட்டைமாடியில் ஐந்து பெயிண்ட் வாளிகள். அவற்றின் மேல் பழைய ஜன்னல் திரையைக் கூடாரம் போலக் கட்டி, ஓரத்தில் காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றைச் செருகியிருந்தாள். அக்கா ஈறுக்குச் சாயம் தீட்டும் பிரஷ்ஷால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவிவந்த அதே வேலையை, இவள் பஞ்சுக் குச்சியால் செய்துகொண்டிருக்கிறாள். ஒரே ஊரின் இரண்டு மூலையில் இரண்டு பொம்பளைகள் ஆறு வருடமாகத் தேனீ வேலை பார்த்திருக்கிறார்கள்.

தங்கை இரண்டு பூப்பந்தைத் தண்டோடு நறுக்கித் தண்ணீர் பாட்டிலில் வைத்தாள். நிமிராமலே பேசினாள்.

"அம்மா பல்ல நான் மறக்கலக்கா. கடைசி ஒரு வருஷமா அவங்க அதப் போடவே இல்ல. ஈறுல குத்துது, வலி தாங்கலன்னு கழட்டி வச்சிடுவாங்க. நீ வர்ற அன்னிக்கு மட்டும் போட்டுக்குவாங்க. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. போறப்பவாவது வலிக்காம போகட்டும்னுதான் வைக்கல."

முன்பின் தெரியாத யாராவது வந்து குத்துகிறது என்றால்கூட அக்கா கையோடு வாங்கிச் சரிசெய்து தருவாள்.

"பத்து நிமிஷ வேலை," என்றாள். "தேய்ச்சுக் குடுத்திருப்பேனே."

"தெரியும்," என்றாள் தங்கை.

இருந்து சாப்பிட்டுப் போ என்று அவளும் சொல்லவில்லை, என்னை மன்னித்துவிடு என்று இவளும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஜன்னலோர இருக்கையில், மடியில் பூவை வைத்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போடவும் வழியில்லை. அது கண்ணைக் கரிக்காத சாதி.

காலையும் மாலையும் பிரஷ்ஷால் பூவுக்குப் பூ தடவினாள். கறுகறுவென்று விதை பிடித்தது. முளைத்து, நாற்றாகி, விளைந்து, திரும்ப நடும் பருவம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தங்கையிடமிருந்து ஒரு போன் இல்லை. இவளும் பேசவில்லை. நம்பரைப் போட்டு மணி அடிப்பதற்குள் வைத்தது ஐந்தாறு தடவை இருக்கும். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று எப்படி பஸ் ஏறுவது? காலே எழும்பவில்லை.

இந்த முறை பதினெட்டு நல்ல வெங்காயம் தேறியது. ஒன்றை மட்டும் எடுத்து மண்ணில் புதைத்துவிட்டு, மீதியைப் பையில் கட்டி டிரைவரிடம் சுவருக்கு மேலே நீட்டினாள்.

டிரைவர் பையையும் பாத்தியையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னக்கா இது, ஒண்ணே ஒண்ணு நட்டா விதை சரியாப் பிடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா," என்றாள் அக்கா. "பூத்ததும் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்."