குறில் ஒன்று, நெடில் பல

ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கிறவனுக்கு விரல் வேகம் இரண்டாம்பட்சம். காதுதான் சோறு போடுகிறது. டாக்டர் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்யும் சக பாவிகளே, ஆங்கிலத்தில் பன்மைக்கு ஒரு ‘எஸ்’ போட்டால் போதும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் டெல்லிக்கு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

செத்த பாஷை

பக்கத்து மேஜை சுனிதா ரோத்தக் ஊர்க்காரி, அண்ணா என்பதற்கு இந்தியில் ‘பையா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். முதுகெலும்புகளுக்கு ‘வர்ட்டிப்ராஸ்’ என்று அடித்துவிட்டாள். வர்ட்டிப்ரே என்றுதான் வர வேண்டும், அது லத்தீன் என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் பிடித்து உலுக்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த லத்தீனை இப்போது யார் பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்டாள். யாரும் பேசுவதில்லை, எப்போதோ செத்துவிட்டது என்றேன்.

“செத்ததுக்கு அப்புறமும் இத்தனை நக்ராவா, இத்தனை பிகுவா, பையா?”

குறில்

செல்வி முனிர்காவில் வீடுகளில் சமைக்கிறாள். விழுப்புரம் பக்கம், எட்டாவது வரை படித்தவள். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு, கணவர் முருகேசனின் ரிப்போர்ட்டோடு வந்து நின்றாள். குடலில் வந்த புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்தது. நான் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் ‘மெட்டாஸ்டாஸிஸ்’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டி, பரவியது ஓர் இடத்தில் மட்டும்தான் என்றேன். கிரேக்கச் சொல் அது. கடைசியில் ஸிஸ் என்று குறிலாக வந்தால் ஒன்று, ஸீஸ் என்று நெடிலானால் பல. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஐ’ என்ற எழுத்து இருந்த இடத்தில் ‘ஈ’ வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

“ஒன்னுதானேண்ணா? ஒன்னுன்னா அறுத்து எடுத்துடலாம்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு.”

நெடில்

ஆபரேஷனுக்கு முன் இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். பதிவில் ஸீஸ் என்று கேட்டது. பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டேன். டாக்டர் அறைக்கே போய், ஸிஸ்தானே என்று கேட்டேன். அவர் நிமிராமலே, பன்மை என்றார். அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் செல்வி இரண்டு ரிப்போர்ட்டையும் என் மேஜையில் விரித்தாள். இனி ஆபரேஷன் இல்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் அழவில்லை. நான் காட்டிய அந்தச் சொல்லை இரண்டிலும் தேடி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

“எல்லா எழுத்தும் அதேதாண்ணா இருக்குது, ஒன்னுதான் மாறியிருக்குது. தப்பா அடிச்சிருந்தா சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

தப்பே அடிக்காதவன் என்று சென்டரில் எனக்கிருக்கும் நல்ல பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.