ஆகாயத்தாமரையை எண்ணுகிறவர்

மூங்கில் சதுரத்தைக் குளத்தில் எறிந்துவிட்டு, படியில் குந்தியபடி வாசுகி எண்ணுகிறார். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். அதற்குள் அகப்பட்ட ஆகாயத்தாமரைச் செடிகள் முப்பத்தெட்டு. பன்னிரண்டு நாள் முன்பு அதே மூலையில் பத்தொன்பதுதான். "பாத்தியளா? எங்க ஆபீஸ் பைலுகூட இந்த வேகத்துல பெருகினதில்ல."

கல்கத்தாவின் டாக்குரியாவில், ரயில் பாதைக்குப் பின்னால் கிடக்கிறது இந்தக் குளம். வாசுகிக்கு ஐம்பத்தொன்பது வயது. கிடர்பூரில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தார். பிறந்தது கல்கத்தா, பேச்சு மட்டும் அப்பாவின் திருநெல்வேலி. ஓய்வு பெற்ற மறுவாரமே சல்வாரைச் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கிவிட்டார்.

"அவ ரிட்டயர் ஆகலங்க, டிரான்ஸ்பர்," என்பார் கணவர் மாரியப்பன்.

"நீங்க கரையில நின்னு சூப்பர்வைசர் வேலை பாக்குதியள்லா, அது போதும்."

பிடுங்குவதில் வாசுகி கண்டிப்பானவர். தாய்ச்செடியிலிருந்து கொடி ஓடும்; கொடி நுனியில் குட்டி முளைக்கும்; குட்டி தானும் ஒரு கொடி விடும். கொடி அறாமல் குடும்பத்தோடு சுருட்டி இழுத்து, தண்ணீர் எட்டாத மேட்டில் வேர் வானம் பார்க்கக் கவிழ்க்க வேண்டும்.

குளம் ஒரு கட்டட முதலாளியின் பெயரில் இருக்கிறது. குளத்தை மூடச் சட்டம் இடம் தராது. குளமே இல்லை என்று நில அளவை அதிகாரி எழுதிவிட்டால் சட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே செடி மூடட்டும் என்று முதலாளி காத்திருக்கிறார். சம்பளம் கேட்காத அடியாள் கூட்டம் அது. பாதையோரக் குடிசைகள் நாற்பதுக்கும் குளிக்க, துவைக்க வேறு தண்ணீர் கிடையாது. அதைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை.

செடிக்குத் தீனி, மூன்று அடுக்குமாடிகளின் சாக்கடை. அவற்றில் ஒன்றில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி கோவிந்தராஜன், குளத்துக்குத் தோஷம் என்று சாந்தி பூஜைக்கு ஆள் தேடினார்.

"தோஷம் இல்ல ஐயா," என்றார் வாசுகி. "உங்க கக்கூஸ் தண்ணி."

அந்தச் சாக்கடைக் குழாயை அடைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு வாசுகி எழுதிய மனுக்கள் பதினொன்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. "சோத்த நிறுத்தினா தானா அடங்கும். சோத்தையும் போட்டுட்டுச் செடிய வைஞ்சா எப்படி?"

அளவை அதிகாரி வரும் தேதி தெரிந்ததும், பேட்டைப் பையன்களின் மன்றமான பாரா கிளப்பின் செயலாளர் சந்தீப் இருபது பேரோடு உதவிக்கு வந்தார். பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வெட்டுகிற அரிவாள்கள் கையில். வாசுகி அன்று மருத்துவமனைக்குப் போயிருந்தார். திரும்பியபோது பாதிக் குளத்தில் செடிகளை வெட்டித் தள்ளியிருந்தார்கள். துண்டுகள் தண்ணீரிலேயே மிதந்தன.

"தீதி, எப்படி? ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டோம்!" என்றார் சந்தீப், வங்காளத்தில்.

"முடிக்கல, தம்பி. நாத்து நட்டிருக்கீங்க," என்றார் வாசுகி, அதே மொழியில்.

கணு உள்ள துண்டெல்லாம் குருத்து விட்டது. இரண்டு வாரத்தில் கரையிலிருந்து கரைவரை பச்சை. சந்தீப் தினமும் வந்து வெறுங்கையால் பிடுங்கினார். பிடுங்கியதைவிட முளைத்தது அதிகம்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். முதலாளியின் ஆள் குடை பிடித்தான். செருப்பு நனையாத தூரத்தில் நின்று அதிகாரி ஒருமுறை பார்த்தார். "தண்ணி எங்கம்மா? மைதானம் மாதிரி இருக்கு," என்று பேனாவைத் திறந்தார்.

வாசுகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாரியப்பனிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினார்.

"ஏளா, வழுக்கும்."

முழங்கால், இடுப்பு, மார்பு. செடிகள் விலகி வழிவிட்டு, அவருக்குப் பின்னால் மறுபடி மூடிக்கொண்டன. தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் நின்று கரையைப் பார்த்தார்.

"எழுதுங்க சார். இங்க நாலடி. இன்னும் போகவா?"

வாசுகி மோவாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த எட்டை வைத்தார்.