அம்மா வாய்விட்டுச் சொன்ன வலி

ஈரச் சாக்கில் சுற்றிய சூடான செங்கல்லுக்கு ஒரு வாடை உண்டு, மண்ணும் சணலும் சேர்ந்து வேகிற வாடை. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அந்த வாடை வந்தால், அம்மா அடிவயிற்றில் செங்கல்லை வைத்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மாதவிலக்கை ஆண்கள் காதில் விழச் சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது. தோட்டத்து மருந்துக்காரரும் ஆண்தானே, அவரிடம் பெண்கள் "வயித்துவலிங்க" என்று மட்டும் சொல்லுவார்கள். அவரும் பேதிமருந்தை ஊற்றிக் கொடுத்துவிடுவார். இரத்தம் ஒரு பக்கம், பேதி ஒரு பக்கமாக அம்மா கொழுந்துக்கூடையோடு மலையேறுவாள்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில், முந்தின நாள் வேலைக்கு வராத அம்மாவைக் கங்காணி எல்லார் முன்னும் நிறுத்தினார்.

"என்னா ராக்கு, மாசாமாசம் ஒனக்கு மட்டும் திருவிழாவா? இன்னொருக்கா நின்னா பேரு வெட்டிருவேன்!"

ஆண்கள் சிரித்தார்கள். பேர் வெட்டினால் வேலை மட்டுமா, காம்பராவும் போய்விடும். அம்மா கங்காணியைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற தோட்டத்து அதிகாரியான துரையைப் பார்த்தாள்.

"திருவிழா இல்லீங்க தொர. கர்ப்பப்பையில வலி. கட்டி கட்டியா ரத்தம் போவுது. வயித்துவலின்னு வெக்கத்துலதாங்க சொன்னேன்."

அப்பா தலை குனிந்துகொண்டார். பின்வரிசையிலிருந்து செல்லாயி அத்தை, "எனக்குந்தாங்க" என்றாள். கடைசியில் கங்காணியின் பெண்சாதியே, "எனக்கும் அப்பிடித்தாங்க தொர, இவுககிட்டகூடச் சொன்னதில்ல" என்றதும், கங்காணி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

துரை கம்பால் தன் காலில் கிடந்த சப்பாத்தைத் தட்டினார். பிறகு, மூன்று பேரையும் கொழுந்து லொறியிலேயே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். அங்கே ஒரு பெண் டாக்டர் அம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி இருப்பதைக் கண்டு, அறுத்து எடுத்தார். அம்மா திரும்பி வந்த அன்று லயத்துப் பெண்கள் குலவை போட்ட சத்தம் பக்கத்து மலைக்கும் கேட்டிருக்கும். அவர்களுக்கு நடுவில், கல்யாணப் பெண்ணைப் போல நிமிர்ந்து நடந்து வந்தாள் என் அம்மா.

அந்த லயம் இன்று இல்லை. சாக்கில் சுற்றிய செங்கல்லும் இல்லை. போன மாதம் என் பேத்தி கூடத்தில் நின்றபடி, "அப்பா, எனக்கு மாசவலி, வெந்நிப் பை போட்டுத் தாங்க" என்றாள். என் மகன் தலை குனியவில்லை. வெந்நீரை ஊற்றி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "சூடு போதுமாம்மா?" என்று கேட்டான்.