கஞ்சி போட்ட கண்ணாடித் துணி

பாக்கியசீலன் கடையில் தேங்காய் வாங்கினாலும் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, கடைக்காரர் முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பொருட்களை இழுத்தும் அமுக்கியும் உடைத்துப் பார்ப்பதே அவருடைய வேலை. இருபது வருஷம் அதையே செய்தவருக்கு எதைக் கண்டாலும் சந்தேகம் வந்தது.

1996இல் அங்கே பேராசிரியர் வெங்கட்ரமணன், கண்ணாடி இழையில் நெய்த துணியை அடுக்கி, ரெசின் என்கிற பிசினை ஊற்றி இறுகவைத்து, செயற்கைக் காலுக்கு ஒரு குழாய் செய்தார். முதல் கால் பாக்கியசீலனின் மனைவி சாரம்மாளுக்கு. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து எட்டு மாதமாகக் கட்டிலோடு கிடந்தாள். குழாயின் துண்டை இழுத்துப் பார்த்தபோது அசையவே இல்லை. பேராசிரியருக்குத் திருப்தி. நிற்கிற காலை யார் இழுக்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பாக்கியசீலன் அதை அமுக்கிப் பார்த்தார். தாங்க வேண்டியதில் பாதிகூடத் தாங்காமல், நனைந்த அட்டை மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது.

ரெசினில் கை வைத்துவிட்டீர்கள் என்று பேராசிரியரின் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார். அவரோ கண்ணெதிரிலேயே அளந்து ஊற்றிக் காட்டினார். அதுவும் பிரிந்தது. அப்படியானால் நூலை மாற்றியவன் நெசவாளிதான் என்று பாக்கியசீலன் மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறினார்.

துணியைக் கைத்தறியில் நெய்து கொடுத்தவர் மீரா முகைதீன். நூல் எங்கே என்று கேட்டதும் மிச்சத்தை அப்படியே எடுத்து வைத்தார். எல்லாம் கண்ணாடி இழைதான். விரலில் உருட்டினால் வழுக்கியது. தறியில் இருந்த துணியோ மொடமொடவென்று இருந்தது.

"இது ஏன் வே இப்படி வெறச்சு நிக்கி?"

"கஞ்சி போடாம பாவு நூலு தறியில நிக்குமா அண்ணாச்சி? ஒரு அம்மா காலுக்குன்னு சார் சொன்னாவ. அதான் ஒரு தரத்துக்கு ரெண்டு தரமா போட்டேன்."

பாக்கியசீலனுக்கு விளங்கிவிட்டது. இழுக்கும்போது நூலே தாங்கிக்கொள்கிறது. அமுக்கும்போது, ஏறி இறங்கி நெளிந்து கிடக்கிற நூலை வளையாமல் பிடிக்க ரெசின் வேண்டும். அதை ஒட்டவிடாமல் நடுவில் கஞ்சி. ஏமாற்று வேலையைத் தேடி வந்தவருக்கு, சாரம்மாளுக்காகக் கூடுதலாக ஊற்றிய கஞ்சிதான் கிடைத்தது. வெட்கமாகப் போயிற்று.

கஞ்சியில்லாமல், நூல் அறாதபடி பைய நெய்த துணியில் செய்த குழாய் முன்னதைவிட மும்மடங்கு தாங்கியது. பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் இன்னும் ஏழு துண்டுகளை உடைத்துப் பார்த்த பிறகே காலை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

சாரம்மாள் அதை மாட்டிக்கொண்டு எழுந்தாள். விழுந்தால் பிடிக்க அவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றார்.

"கைய எடுங்க. நீங்க ஒடைச்சுப் பாக்காததா?"

அவர் எடுக்கவில்லை. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்கு நடந்து போனாள். நீட்டிய கையோடு நின்ற பாக்கியசீலனுக்கு அழுகை வந்துவிட்டது.