பதினொரு வீடுகளுக்கு மேல் ஒரு சரிவு

அந்த மண்மேட்டைக் கொட்டிக் குவித்தவரும் அவர்தான், பிறகு அதை ஒழுங்காக உட்காரவைக்க வந்தவரும் அவர்தான். சுரங்கம் ஓடிய இருபத்திரண்டு வருடமும் அவர் புல்டோசர் ஓட்டினார். தோண்டியெடுத்த வேண்டாத மண்ணையும் கல்லையும் லாரிகள் கொண்டுவந்து தட்டும். அவர் தள்ளி, ஏற்றி, மேட்டின் மேல் மேடாக அடுக்குவார். இந்த மேடு பின்னாளில் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கச் சொல்லி அவரை வேலைக்கு வைக்கவும் இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ரசமட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். கொத்தனார் சுவரில் வைத்து மட்டம் பார்க்கும் கருவியின் பெயரை லாரி டிரைவர்கள் அவருக்கு வைத்திருந்தார்கள். அவர் தள்ளிவிட்ட தரையில் பந்தை வைத்தால் எந்தப் பக்கம் உருள்வது என்று தெரியாமல் அப்படியே நிற்கும் என்பார்கள். அதையெல்லாம் காதில் வாங்காதவர் போல வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருப்பார்.

சுரங்கம் மூடியது. மேடு மட்டும் நின்றது. அதன் அடிவாரத்திலிருந்து முப்பது காலடி தூரத்தில் கடைசித் தெரு, அதில் பதினொரு வீடுகள். மூன்றாவது வீடு அவருடைய அக்காவுடையது. முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர் அக்கா. சுரங்கம் மூடிய பிறகு வந்த மழையில் மேட்டிலிருந்து இறங்கிய சேறு கொல்லைப்புறங்களில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. சுரங்கத்துறை அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. சரிவைச் சீர்செய்து புல் வளர்க்க ஒரு மழைக்காலம் அவகாசம், அதற்குள் மண் பிடிக்காவிட்டால் பதினொரு வீட்டையும் காலி செய்ய வேண்டும். மாற்று வீடு வேறு ஊரில், மூன்றாவது மாடியில் என்றார்கள்.

வேலைக்குப் பொறுப்பாக ஒரு இன்ஜினியர் மேடம் வந்தார். ரசமட்டத்தின் மகள் வயதுதான் இருக்கும். முதலில் மேட்டின் செங்குத்தைக் குறைத்தார்கள். தண்ணீர் ஓரமாக இறங்கிப் போகக் கல் பதித்த வாய்க்கால் போட்டார்கள். மேலே ஒரு முழ உயரத்துக்கு நல்ல மண் பரப்பினார்கள். அதுவரை ரசமட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு மேடம் சொன்னதுதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

மண்ணை வழுவழுப்பாக இழைக்கக் கூடாதாம். வண்டியைச் சரிவில் நேராக மேலே ஏற்றி, அப்படியே கீழே இறக்க வேண்டுமாம். அப்போதுதான் சங்கிலிப் பட்டையில் இருக்கும் இரும்புக் கட்டைகள் மண்ணில் குறுக்குக் கோடுகளாகப் பதியும். ஒவ்வொரு கோடும் ஒரு சின்ன வரப்பு. மழைத்தண்ணீர் அதில் நின்று நின்று இறங்கும், விதையும் அங்கேயே தங்கும். பக்கவாட்டில் ஓட்டினால் கோடுகள் கீழ்நோக்கி விழும், ஒவ்வொன்றும் வாய்க்காலாகிவிடும். மேடம் ஒரு மண்கட்டியில் விரலால் கோடு போட்டே காட்டினார். அவருக்குப் புரிந்தது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கிழக்குப் பக்கத்தைச் சொன்னபடியே முடித்தார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா கொல்லைக்கதவைத் திறந்துவைத்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா, இது நீ ஓட்டினதா, இல்ல வண்டி தானா ஓடிச்சா?”

அப்படித்தான் விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“எங்க வீட்டுக்கு மேலயாவது கொஞ்சம் பார்க்கிற மாதிரி செய். தெருவுல எல்லாரும் உன் தம்பி வேலையான்னு கேக்கறாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஆமாங்கறது?”

அடுத்த வாரம் மேடம் விதை வாங்க இரண்டு நாள் வெளியூர் போனார். அந்த இரண்டு நாளில்தான் அக்கா வீட்டுக்கு மேலே இருந்த பகுதி முடிந்தது. சொன்னபடி ஏற்றி இறக்கியும் விட்டார். பிறகு கை சும்மா இருக்கவில்லை. வண்டியின் முன்னால் இருக்கும் பிளேடைத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒரே சீராக இழைத்துவிட்டார். பூசிய சுவர் மாதிரி வந்தது. விதை தூவும் பெண்களுக்கும் சந்தோஷம்தான். இப்போதுதான் கால் இடறாமல் நடக்க முடிகிறது என்றார்கள். மேடம் வாங்கி அனுப்பிய விதை அவருக்கு முன்னால் வந்துசேர்ந்ததும் தூவி, மேலே வைக்கோலைப் பரப்பிவிட்டார்கள். மேடம் வந்து பார்த்தபோது வைக்கோல் மட்டும்தான் தெரிந்தது. அக்கா வாசலுக்கு வந்து, தம்பி வேலைதான் என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

விதை தூவிய ஒன்பதாம் நாள் விடியற்காலையில் மழை பிடித்தது. இரண்டு மணி நேரம்தான். கிழக்குப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. அக்கா வீட்டுக்கு மேலே வைக்கோலும் விதையும் நல்ல மண்ணும் பாயைச் சுருட்டுவதுபோல இறங்கி வந்துவிட்டன. சரிவில் கை ஆழத்துக்கு வாய்க்கால்கள் விழுந்திருந்தன. கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல் சேற்றுக்குள் போய்விட்டது.

மேடம் நனைந்த பேண்ட்டோடு மேலும் கீழும் அளந்தார். பிறகு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அறிக்கை எழுதத் தொடங்கினார். இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே விதை, ஒரே முறை. ஒன்று நிற்கிறது, மற்றது நிற்கவில்லை. அப்படியானால் இந்தப் பகுதியில் அடிமண்ணே நம்பத்தக்கதல்ல என்றுதான் எழுத வேண்டும், வீடுகளைக் காலி செய்யச் சொல்வதுதான் பாதுகாப்பு. சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குத் தெரியாது.

ரசமட்டம் கொட்டகை வாசலில் நின்றார். சொன்னால் வண்டி போய்விடும். பேரும் போய்விடும். சொல்லாவிட்டால் அக்காவோடு சேர்த்துப் பதினொரு வீடு போய்விடும். இதில் கணக்குப் போட ஒன்றுமில்லை. ஆனாலும் கையிலிருந்த டீ ஆறுகிற வரைக்கும் அவர் உள்ளே போகவில்லை.

“மேடம், அடிமண்ணு மேல தப்பில்ல. நீங்க இல்லாதப்ப நான் இழைச்சுட்டேன்.”

மேடம் பேனாவைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தார். “ஏண்ணே?”

“நல்லா இருக்கணும்னுதான்.”

மேடம் திட்டவில்லை. எங்கேயிருந்து எங்கே வரை என்று மட்டும் கேட்டார். இருவரும் சேற்றில் ஏறினார்கள். ரசமட்டம் பிளேடை இறக்கிய இடத்தில் ஒரு குச்சி நட்டார், தூக்கிய இடத்தில் இன்னொன்று. மண் சரிந்த இடமும் அந்தக் குச்சியில் தொடங்கி இந்தக் குச்சியில் முடிந்தது. இரண்டுக்கும் வெளியே வைக்கோல்கூட நகரவில்லை. மேடம் அதைப் படமெடுத்து, அறிக்கையைக் கிழித்துப்போட்டு, வேறு எழுதினார். புதிய அறிக்கையில் தவறு யாருடையது என்பதும் இருந்தது.

அலுவலகம் அந்தப் பகுதியை மறுபடி செய்யச் சொன்னது. ரசமட்டத்தை வண்டியிலிருந்து இறக்கியது. ஈரச் சரிவில் வண்டி ஏறாது என்பதால் மண்ணை மறுபடி பரப்புவது, குறுக்கு வரப்பு வெட்டுவது எல்லாமே கையால்தான். ஆறு பெண்களோடு ஏழாவது ஆளாக அவரும் மண்வெட்டி பிடித்தார். இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தே வேலை செய்த இடுப்பு முதல் நாளே பேச ஆரம்பித்தது. வரப்பு நேராக இருக்கிறதா என்று அவர் அடிக்கடி எட்டிப் பார்ப்பார். “நேரா இருக்கறது இருக்கட்டும், நீங்க கொஞ்சம் நகருங்க” என்பார்கள் பெண்கள். பத்தொன்பது நாள் ஆனது.

விஷயம் அக்காவுக்குத் தெரிய அரை நாள்கூட ஆகவில்லை. “நான் கொஞ்சம்தானே செய்யச் சொன்னேன்” என்றார். ஆனால் தினமும் மதியம் ஏழு பேருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பிறகு நான்கு பெரிய மழை பெய்தது. புல் விரல் உயரம் வந்து, முழங்கால் உயரம் வந்தது. மழைக்காலம் முடிந்ததும் அதிகாரிகள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள்.

கடிதம் வந்த அன்று ரசமட்டம் மேட்டின் பின்பக்கத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். விதை தூவும் பெண்களில் ஒருவர் தெருப்பக்கமிருந்து ஏறி வந்து, யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாமாம் என்றார். ரசமட்டம் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

“அக்கா என்ன சொன்னாங்க?”

“இவ்ளோ உயரமா வளருதே, பாம்பு வராதான்னு கேக்கச் சொன்னாங்க.”

“வரும்” என்றார். “வந்தாலும் புல்ல வெட்டக் கூடாதுன்னு சொல்லு.”